‘நல்லா இருக்கு’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

ஒரு நாற்காலியைப் பார்த்து ‘நல்ல நாற்காலி’ என்கிறோம். யாருக்கு நல்லது? நாள் முழுக்க அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது முதுகைத் தாங்க வேண்டும், உயரத்தை ஏற்றி இறக்க வர வேண்டும். கூட்டம் முடிந்ததும் நூறு நாற்காலிகளை மடக்கி ஓரமாக அடுக்க வேண்டியவருக்கு எடை குறைவாக இருந்தால் போதும். பெரிய சாய்மானம் எல்லாம் அவருக்கு இடைஞ்சல். ஒரே நாற்காலி ஒருவரிடம் 90 மதிப்பெண் வாங்கும், இன்னொருவரிடம் 30-ஐத் தாண்டாது. இரண்டு பேருமே சரியாகத்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எந்த மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே மூன்று விஷயங்கள் இருக்கும். எதற்காகப் பார்க்கிறோம் என்ற நோக்கம். எந்தெந்தக் குணங்களைப் பார்க்கப் போகிறோம், எவ்வளவு இருந்தால் போதும் என்ற அளவுகோல். அந்தக் குணங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று காட்டும் ஆதாரம். இந்த வரிசை மாறக் கூடாது. ஆளையோ பொருளையோ பார்த்து, பிடித்துப்போன பிறகு அளவுகோலைத் தேடினால், பிடித்ததற்குச் சாதகமான அளவுகோல்தான் கையில் அகப்படும். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று மனதில் நின்றால் எனக்குப் போதும்: பார்க்கப் போவதற்கு முன்னாலேயே அளவுகோலை எழுதி வைத்துவிடுங்கள்.

அளப்பதும் மதிப்பிடுவதும் வேறு வேறு. ஒருவர் மாரத்தான் தூரத்தை, அதாவது 42.195 கிலோமீட்டரை, 4 மணி நேரத்தில் ஓடினார் என்பது அளவு. அது நல்ல ஓட்டமா என்பது மதிப்பீடு. உலகத் தரத்து ஆண் வீரர்கள் இதே தூரத்தை 2 மணி 5 நிமிடத்தை ஒட்டி ஓடி முடிக்கிறார்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் 4 மணி நேரம் ஒன்றுமில்லை. போட்டி அமைப்பாளர்கள் 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தால், அவர் தாராளமாகத் தேறிவிட்டார். போன முறை இதே ஓட்டத்துக்கு 5 மணி நேரம் எடுத்தவர் என்றால், அது பெரிய முன்னேற்றம். பிறரோடு ஒப்பிடுவது, நிர்ணயித்த தரத்தோடு ஒப்பிடுவது, தன் பழைய நிலையோடு ஒப்பிடுவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போகிறோம் என்று சொல்லாமலே ‘சுமார்’, ‘அருமை’ என்று தீர்ப்புச் சொல்வதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

ஐம்பது இடத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் தரவரிசை போடாமல் முடியாது. விமானியின் உரிமத்துக்குத் தரவரிசை உதவாது. அவருக்கு விமானத்தைப் பத்திரமாக இறக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் என்றாலும் இறக்கத் தெரியாவிட்டால் உரிமம் கிடையாது. வேலை செய்யும் இடங்களில் இது அடிக்கடி தலைகீழாகிறது. பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் சொன்ன வேலையைச் சொன்ன தரத்தில் முடித்திருப்பார்கள். ஆனாலும் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்று விதி இருந்தால் ஒருவர் பத்தாவதாக வந்தே தீர வேண்டும். அந்தப் பத்தாவது இடத்தை ‘திறமைக் குறைவு’ என்று கோப்பில் எழுதுவது அநியாயம்.

ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண்

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது ஆப்கர் மதிப்பெண்ணைத்தான். வர்ஜீனியா ஆப்கர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1952-ல் இதை முன்வைத்தார். பிறந்த குழந்தையை ஒரு நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை ஐந்தே ஐந்து: இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். துடிப்பே இல்லையென்றால் 0, நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால் 1, 100-ம் அதற்கு மேலும் என்றால் 2. தூண்டும்போது அசைவே இல்லையென்றால் 0, முகம் சுளித்தால் 1, வீறிட்டு அழுதால் 2. கூட்டினால் பத்துக்குள் ஓர் எண் வரும். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி பார்ப்பார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் குழந்தை தேறிவருகிறதா, கொடுத்த உதவி பலிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது, பார்ப்பவரின் அபிப்பிராயத்துக்கு இடம் மிகக் குறைவு என்பதுதான். ‘குழந்தை தெம்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ‘துடிப்பு நூறைத் தாண்டுகிறதா?’ என்று கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான் வரும். பெரிய, மங்கலான கேள்வியைப் பார்த்துச் சொல்லக்கூடிய சின்னக் கேள்விகளாக உடைப்பதுதான் அளவுகோல் அமைக்கும் கலை. குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் முதல் நிமிடத்தில் கையும் காலும் நீலம் பாரித்திருப்பது சகஜம் என்பதால், முழு 10 அபூர்வமாகவே வரும். அதனால் 9 வாங்கிய குழந்தையின் பெற்றோர் அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த எண் அந்த ஐந்து நிமிடங்களுக்கானது. குழந்தை பிற்காலத்தில் எப்படிப் படிக்கும், எவ்வளவு புத்திசாலியாக வரும் என்று சொல்வதற்காக இது செய்யப்படவில்லை. ஒரு நோக்கத்துக்குச் செய்த அளவுகோலை வேறொரு நோக்கத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அறிவுத்திறன் சோதனையின் கதை இருக்கிறது. பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற இருவர் 1905-ல் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வழக்கமான வகுப்பில் ஈடுகொடுக்க முடியாத குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனியாக உதவ வேண்டும் என்பதுதான் நோக்கம். அறிவு என்பது மாறாத ஒரு அளவு என்ற எண்ணத்தைப் பினே வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் 1911-ல் இறந்தார். அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போய், மனிதர்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தவும், குடியேற வந்தவர்களைச் சலிக்கவும் பயன்பட்டது. உதவி யாருக்கு வேண்டும் என்று கேட்ட கருவியை எடுத்து, யார் தாழ்ந்தவர் என்று கேட்டுவிட்டார்கள்.

எல்லா எண்ணும் ஒரே மாதிரி எண் இல்லை

1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் கனிமங்களின் கடினத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். எது எதைக் கீறும் என்று பார்த்து, மிக மென்மையான டால்க் 1, வைரம் 10 என்று பத்துக் கனிமங்களை வரிசையாக வைத்தார். குருந்தம் 9-வது இடம். வைரத்துக்கும் குருந்தத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு படிதானே என்று தோன்றும். தனியாகக் கருவி வைத்து அளந்தால் வைரம் பல மடங்கு கடினமாக இருக்கிறது. மோஸின் எண்கள் வரிசையைத்தான் சொல்கின்றன, இடைவெளியைச் சொல்வதில்லை. 5-ம் 5-ம் சேர்ந்தால் 10 என்ற கணக்கு அங்கே செல்லாது. எண்களில் இப்படி வகைகள் உண்டு என்று 1946-ல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் பிரித்துக் காட்டினார்: வெறும் பெயராக நிற்பவை, வரிசையை மட்டும் காட்டுபவை, சம இடைவெளி உள்ளவை, உண்மையான பூஜ்யத்திலிருந்து தொடங்குபவை.

இணையத்தில் நாம் கொடுக்கும் ஐந்து நட்சத்திரங்கள் இரண்டாவது வகை. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுவதும் நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறுவதும் ஒரே அளவு திருப்தி என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் சராசரி போட்டு 4.3 என்று காட்டுகிறார்கள். பாதிப் பேர் 5-ம் பாதிப் பேர் 1-ம் கொடுத்தால் சராசரி 3. எல்லோரும் 3 கொடுத்தாலும் சராசரி 3. முதலாவது, சிலருக்கு மிகப் பிடித்து, மற்றவர்களைக் கைவிட்ட பொருள். இரண்டாவது, யாரையும் கவராத பொருள். அதனால் சராசரியோடு நிற்காமல், எத்தனை பேர் எந்த நட்சத்திரம் கொடுத்தார்கள் என்ற பட்டையையும் பாருங்கள். எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். மூன்று பேர் சேர்ந்து கொடுத்த 5-ஐவிட மூவாயிரம் பேர் கொடுத்த 4.5-ஐ நான் அதிகம் நம்புவேன்.

மதிப்பிடும் மனிதர்

அளவுகோல் சரியாக இருந்தாலும், அதைப் பிடிக்கும் கை நடுங்கினால் என்ன செய்வது? 1912, 1913-ல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே விடைத்தாளைப் பிரதியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஓர் ஆங்கில விடைத்தாளுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் 50-ல் தொடங்கி 90-க்கு மேல் வரை போயின. மொழிப்பாடம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்களுக்காக வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். அங்கே இடைவெளி இன்னும் அகலமானது. 28-லிருந்து 90-க்கு மேல் வரை. ஒருவர் படிக்குப் போடுகிறார், ஒருவர் இறுதி விடைக்குப் போடுகிறார், ஒருவர் கையெழுத்துக்குக் குறைக்கிறார். எழுதிய பிள்ளை ஒரே பிள்ளை.

இன்னொரு கோளாறை எட்வர்ட் தார்ண்டைக் 1920-ல் எழுதினார். ராணுவ மேலதிகாரிகள் தம் கீழே உள்ளவர்களை உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாக மதிப்பிட்டிருந்தார்கள். தனித்தனி என்பது பெயருக்குத்தான். ஒன்றில் உயர்ந்தவர் மற்ற எல்லாவற்றிலும் உயர்ந்தே இருந்தார். உடற்கட்டுக்கும் அறிவுக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்க நியாயம் இல்லை. ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் மற்ற குணங்கள் மேலும் விழுந்துவிடுகிறது. ஒளிவட்ட விளைவு என்று இதற்குப் பெயர். நன்றாகப் பேசுகிறவர் நன்றாக வேலையும் செய்வார் என்று நாம் நம்பிவிடுவது இதனால்தான். பேச வராத நல்ல வேலைக்காரர்கள் எத்தனை பேர் இப்படிப் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

மருந்து இருக்கிறது. 1950-களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வு நேர்காணலைச் சீர்செய்யும் வேலை டேனியல் கானமன் என்ற இளம் உளவியலாளரிடம் வந்தது. பின்னாளில், 2002-ல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். அதுவரை நேர்காணல் செய்தவர்கள் இருபது நிமிடம்போல் பேசிப் பார்த்து, ‘இவர் தேறுவார்’, ‘இவர் தேற மாட்டார்’ என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தார்கள். அந்தத் தீர்ப்புகளுக்கும் அந்த வீரர்கள் பிறகு பணியில் நடந்துகொண்டதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை என்று தெரியவந்திருந்தது. கானமன் பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்பது போல ஆறு குணங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்த சங்கதியைக் கேட்கும் கேள்விகள்: எத்தனை வேலைகளில் இருந்தாய், நேரத்துக்குப் போனாயா, நண்பர்களை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறாய், விளையாடுவாயா? ஒரு குணத்துக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த குணத்துக்குப் போக வேண்டும்.

நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். சரி, ஆறையும் ஒழுங்காக முடித்த பிறகு கண்ணை மூடி இவரை ஒரு வீரராக நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார் கானமன். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, ஆறின் கூட்டு பழைய முறையைவிட வெகுவாக மேம்பட்டிருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்குப் பலித்திருந்தது. உள்ளுணர்வே உதவாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முதலில் வந்தால் அது கண்ணை மறைக்கிறது. ஆதாரங்களைத் தனித்தனியாகச் சேர்த்த பிறகு வந்தால் உதவுகிறது.

விடைத்தாள் திருத்துவோர் இதையே வேறு வடிவத்தில் செய்யலாம். பெயரை மறைத்துவிட்டு, முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்து, அப்புறம் இரண்டாவது கேள்விக்கு வரலாம். ஒரு பிள்ளையின் முதல் பதில் அவருடைய இரண்டாவது பதிலுக்குச் சிபாரிசு செய்யாது. முடிந்தால் சில தாள்களை இன்னொருவரும் திருத்தட்டும், ஆனால் முதல் மதிப்பெண்ணைப் பார்க்காமல்.

விளையாட்டு உலகம் இதை அடிபட்டுத்தான் கற்றது. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் முழு 10 வாங்கியபோது, பலகை 10.00 காட்ட முடியாமல் 1.00 என்று காட்டியது பிரபலமான சம்பவம். 2004-ல் ஏதென்ஸில் மதிப்பெண் தகராறுகள் வெடித்த பிறகு, 2006 முதல் அந்த 10 முறையையே மாற்றினார்கள். எவ்வளவு கடினமானதைச் செய்கிறார் என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவார்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு 10-லிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். தனிநபர் டைவிங்கில் ஏழு நடுவர்கள். அதிகபட்சம் இரண்டையும் குறைந்தபட்சம் இரண்டையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள மூன்றைக் கூட்டி, அந்த டைவின் கடினத்துக்கான எண்ணால் பெருக்குகிறார்கள். ஒரு நடுவருக்கு ஒருவரைப் பிடித்துப்போனாலும் முடிவு அவ்வளவாக ஆடாது.

அதிர்ஷ்டமும் அவசரமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருக்கும்போது. மனிதரின் வேலை அப்படி இல்லை. ஒரு நாள் உடம்பு முடியாமல் இருக்கும், ஒரு நாள் கேள்வி தெரிந்ததாக வரும். ஒரே ஒரு தடவை பார்த்ததில் திறமையும் அன்றைய அதிர்ஷ்டமும் கலந்தே இருக்கும். மிக நன்றாகச் செய்த நாளுக்கு அடுத்த நாள் சற்று இறங்குவதும், மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் சற்று ஏறுவதும் இதனால்தான். விமானப் பயிற்சியாளர்கள் சிலர், பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் சரியாகச் செய்கிறார்கள் என்று கானமனிடம் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது நிஜம். காரணம்தான் தவறு. திட்டாவிட்டாலும் அடுத்த முறை சராசரியை நோக்கி ஏறியிருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை பிள்ளைகள் வீணாகத் திட்டு வாங்கியிருப்பார்கள்!

அளக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் நடத்தையை மாற்றிக்கொள்வார் என்பது அடுத்த சிக்கல். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று குட்ஹார்ட் விதி என்று வழங்குகிறது: ஓர் அளவு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை. வாடிக்கையாளர் அழைப்புகளை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்று ஊழியரை அளந்தால், சிக்கல் தீர்வதற்கு முன்னாலேயே அழைப்பு முடிந்துவிடும். அதே வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுவார். கணக்கில் அழைப்பின் எண்ணிக்கையும் கூடும். அறிக்கையில் எல்லாம் அழகாக இருக்கும். ஒரே எண்ணை நம்பாமல், அதை எதிர்த்து இழுக்கும் இன்னொரு எண்ணையும் வைப்பது கொஞ்சம் உதவும். இங்கே, எத்தனை பேர் அதே பிரச்சினைக்கு மறுபடி அழைத்தார்கள் என்று பார்க்கலாம். எப்போதாவது எண்களை ஒதுக்கிவிட்டு நாலு அழைப்புகளை நேரில் கேட்பது அதைவிட உதவும்.

ஒரு சின்னக் கணக்கு

கற்பனையாக இரண்டு மடிக்கணினிகள். பத்துக்கு இவ்வளவு என்று முதலாவதற்கு பேட்டரி 8, சுமக்கும் வசதி 7, வேகம் 5. இரண்டாவதற்கு பேட்டரி 5, சுமக்கும் வசதி 6, வேகம் 9. எது நல்லது?

அடிக்கடி பயணம் போகிறவர் பேட்டரிக்கு 5, சுமக்கும் வசதிக்கு 3, வேகத்துக்கு 2 என்று முக்கியத்துவம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் முதலாவதற்கு 71, இரண்டாவதற்கு 61. வீடியோ தொகுக்கிறவர் 2, 1, 7 என்று கொடுத்தால் முதலாவதற்கு 58, இரண்டாவதற்கு 79. மடிக்கணினிகள் மாறவில்லை, அவற்றின் மதிப்பெண்களும் மாறவில்லை. தேவை மாறியதும் முடிவு புரண்டுவிட்டது. இந்தக் கணக்கைக் கடையில் பொருளைப் பார்த்த பிறகு போட்டால், பிடித்தது ஜெயிக்கும்வரை எடைகளை, அதாவது இந்த முக்கியத்துவ எண்களை, மாற்றிக்கொண்டே இருப்போம். அதனால்தான் எடைகளை முன்னாலேயே எழுதச் சொல்கிறேன்.

இன்னொருவர் இரண்டு வேலையும் செய்கிறவர், 4, 2, 4 என்று எழுதியிருக்கிறார். அவருக்கு முதலாவது 66, இரண்டாவது 68. இந்த 2-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரிக்கு 8 போட்ட அதே ஆள் இன்னொரு நாள் 9 போட்டிருந்தால் முதலாவது 70 ஆகி முன்னால் வந்திருக்கும். இவ்வளவு நெருங்கி வந்தால் இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு, இரண்டிலும் பத்து நிமிடம் தட்டச்சு செய்து பார்த்து, கைக்கு இதமாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.